பாதி காலியான பெருங்காய டப்பா: உதவி வாங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

பேராவூரணியான்:

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெருங்காய டப்பா தவறி விழுந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. மூடி நசுங்கிய பழைய டப்பா. எடுத்துக் கொடுத்தேன். இருவரும் சற்று நேரம் பேசவில்லை. இந்த மன்றத்தில் இந்த இழையை நான் தொடங்க அந்த டப்பாதான் காரணம்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம் நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு. பாதி தாத்தா வைத்தது, பாதி அப்பா வைத்தது. மொத்தம் 310 மரம். ஐம்பது நாளுக்கு ஒரு காய் வெட்டு. அக்கா கல்யாணம், அப்பாயியின் கண் அறுவை சிகிச்சை, என் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்த வெட்டுக் கணக்கில்தான் நடந்தன. "அடுத்த வெட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது எங்கள் வீட்டில் தினமும் காதில் விழும் பேச்சு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, எங்கள் பக்கமாக உள்ளே போனது. விடிந்தபோது 14 மரம் நின்றது.

புயல் விடுமுறை விட்டிருந்ததால் நானும் வீட்டில் இருந்தேன். காற்றின் சத்தத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு மறக்காதது வெளிச்சம். கதவைத் திறந்ததும் கண் கூசியது. எங்கள் வாசலில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பிறந்ததிலிருந்து கண்ணில் படாத அடுத்த ஊர்த் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு மாடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழுந்த மரங்களை எண்ணப் போனார். நாற்பதோ ஐம்பதோ எண்ணியதும் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மீதியை எண்ணியது நான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கேரள வெள்ளத்துக்கு எங்கள் ஊரிலிருந்து அரிசியும் பாயும் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தோம். மூன்றே மாதத்தில் லாரி வருமா என்று சாலையைப் பார்த்து நாங்கள் நின்றோம். அப்பா போகவில்லை. அம்மா போனார், குழாயில் தண்ணீர் பிடிக்கப் போவதுபோலக் கையில் ஒரு வாளியோடு. திரும்பியபோது வாளிக்குள் ஒரு துணிப்பை இருந்தது. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவர்த்தி, கொஞ்சம் அரிசி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி, கூடவே இந்தப் பெருங்காய டப்பா. திறந்து பார்த்தால் பாதிதான் இருந்தது.

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "மீந்ததை அனுப்பியிருக்கிறார்கள்" என்றார். அம்மா டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "கடைக்குப் போக அவளிடம் காசு இல்லை. அடுப்படியில் இருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு அவள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் இருக்காது" என்றார். அன்றிரவு சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ரசம் வைத்தார். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கொடுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. வாங்கிக்கொள்ளவும் ஒரு திராணி வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்ததுண்டா? புயல்தான் என்றில்லை, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

கணக்கன்:

உங்கள் அம்மாவின் மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் நான் அப்பா கட்சி.

அந்த வாரம் பட்டுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரணப் பொருட்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தேன். துணி மூட்டைகளை அவிழ்க்கும்போது குமட்டிக்கொண்டு வரும். அக்குள் கிழிந்த சட்டை, ஜிப் போன கால்சட்டை, யாருடைய பெயரோ தைத்த பள்ளிச் சீருடை. ஒரு மூட்டை முழுக்கக் கல்யாணக் கோட்டு சூட்டு! சேற்றில் நிற்பவனுக்குக் கோட்டு எதற்கு? பரணைக் காலி செய்ய ஒரு புயல் கிடைத்தது என்று நினைத்தவர்களும் அந்த லாரிகளுக்குப் பின்னால் இருந்தார்கள். கடைசியில் பாதியை நாங்களே குழி தோண்டிப் புதைத்தோம்.

ஆகவே பாதி டப்பா எல்லாமே அன்பு என்று சொல்லிவிட முடியாது.

பேராவூரணியான்:

கணக்கன், அந்த மூட்டைகளை நானும் பார்த்திருக்கிறேன். பரணில் கிடந்தது வேறு, அன்றாடம் கை போகிற அலமாரியில் இருந்தது வேறு. அம்மா அதைத்தான் முகர்ந்து கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். அது புதுப் பெருங்காயம்.

கம்பத்துக்காரன்:

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். மின்வாரியத்தில் வேலை. கஜாவுக்கு எங்கள் பிரிவிலிருந்து ஆள் அனுப்பியபோது நானும் போனேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்திருந்தன. கேரளத்திலிருந்துகூட மின் ஊழியர்கள் வந்திருந்தார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அப்போது எங்களைத் தெய்வம், தேவதூதன் என்றெல்லாம் எழுதினார்கள். படிக்கவே கூச்சமாக இருந்தது.

ஆனால் வேலை கடுமை. வயலுக்குள் கிரேன் இறங்காது. கம்பத்தைக் கயிற்றில் கோத்து, ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து, முழங்கால் சேற்றில் தூக்கிப் போக வேண்டும். குழியையும் கடப்பாரையால்தான் தோண்டினோம். எங்களோடு அந்தந்த ஊர்ப் பையன்களும் தோள் கொடுத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் ஆகியிருக்கும்.

சாப்பாடு விஷயம். எங்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் நிவாரண அரிசியை எதிர்பார்த்து நின்றவர்கள். "வேண்டாம் அம்மா, எங்களுக்குப் பார்சல் வருகிறது" என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு வீட்டில் மாடு செத்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி பால் இல்லாத டீயைக் கொடுத்துவிட்டு, பால் இல்லையே என்று நாலு தடவை மன்னிப்புக் கேட்டது. மதியம் அந்தத் தெருவுக்கு மின்சாரம் கொடுத்தோம். பாட்டி தானே போய்ச் சுவிட்சைப் போட்டது. விளக்கு எரிந்தது. உடனே அணைத்துவிட்டது. ஏன் பாட்டி என்று கேட்டால், "பகலில் எதற்கு?" என்றது.

பத்தொன்பது நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த வீடு அது.

உப்பளத்து மகள்:

வேதாரண்யம். அகத்தியம்பள்ளி உப்பளத்தில் கூலிக்குப் போகும் வீட்டில் பிறந்தவள் நான்.

பேராவூரணித் தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படித்து முடித்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது, அதை மறைப்பானேன். "கொடுத்துப் பழகிய குடும்பம்" என்பது நிலம் உள்ளவர்களின் வருத்தம். எங்களுக்குக் கை நீட்டுவது புயலோடு வந்த புது அனுபவம் இல்லை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. ஆண்டுதோறும் அந்த மாதங்களில் முன்பணம் வாங்குவோம், கடைக்காரரிடம் கடன் சொல்வோம், பக்கத்து வீட்டில் நாழி அரிசி கேட்போம். புயல் அன்று எங்கள் குடிசை போனது, பாத்திகளில் கடல்சேறு ஏறி உட்கார்ந்துகொண்டது. அவமானம் மட்டும் புதிதாக எதுவும் வரவில்லை.

இன்னொன்று. லாரிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன. உள்ளே இருந்த எங்கள் காலனிக்கு ஆறாம் நாள்தான் ஒரு வண்டி வந்தது. யார் வீட்டு மகனோ, இருபது வயது இருக்கும், வழியில் எல்லோரும் மறிக்க மறிக்க நிறுத்தாமல் ஓட்டி வந்திருக்கிறான். கண்ணாடி உடைந்திருந்தது. "கடைசி ஊர் எது என்று கேட்டுக்கொண்டே வந்தேன் அக்கா" என்றான். அவனுடைய பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டேனே என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். இன்று நான் கிராமச் செவிலியர். தடுப்பூசிப் பட்டியலைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது கடைசி வீடு எது என்பதைத்தான்.

அப்புறம், தென்னைக்கு நிவாரணம் அறிவித்தார்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். போதாது என்று எல்லோரும் பேசினார்கள், நியாயம்தான். மரத்துக்குக் கணக்கு இருந்தது. அந்த மரத்தில் ஏறினவருக்கு என்ன கணக்கு? உங்கள் தோப்பில் யார் ஏறினார், தம்பி?

கணக்கன்:

ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். ஏறுகிறவருக்கு அதில் இடமே இல்லை, அக்கா சொல்வது உண்மை. எங்கள் தெருவில்கூட யாரும் இதைக் கேட்கவில்லை. நான் உள்பட.

திருப்பூர்வாசி:

எல்லோரும் துன்பம் நம்மை வளர்த்தது என்கிற திசையில் போய்க்கொண்டிருப்பதால் குறுக்கே வருகிறேன்.

என் தாய்மாமாவுக்கு ஒரத்தநாடு பக்கம் இரண்டு ஏக்கர் தோப்பு, ஒரு மரம் மிஞ்சவில்லை. நெட்டை ரகம் வைத்தால் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். அவருக்கு அப்போது 58 வயது. "நான் வைத்து யார் வெட்டுவது?" என்றார். இங்கே பனியன் கம்பெனி ஒன்றில் இரவுக் காவலுக்கு வந்தார். நிழலில் வாழ்ந்த மனிதர், தகரக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குடி அதிகமாகிவிட்டது. 2021இல் போய்விட்டார். அவருக்கும் உதவி வந்தது. அரிசி வந்தது, பாய் வந்தது, நல்ல வார்த்தையும் வந்தது. அவர் வளரவில்லை. உடைந்தார்.

மீண்டு வந்தவர்கள் இணையத்தில் எழுதுகிறார்கள். உடைந்தவர்களுக்கு இழை தொடங்கத் தெம்பு கிடையாது. இதை மறந்துவிட்டுப் பேசினால் செத்தவர்களைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

மட்டுநகர்:

நான் மட்டக்களப்பிலிருந்து. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி எங்கட அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. இங்கேயும் தென்னைதான் போனது. அவ ஊரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்றுதான் சொல்லுவா.

திருப்பூர்வாசி சொன்னதற்கு ஒரு சிறு பதில். அம்மம்மாவின் தமையன் ஒருவர் அதற்குப் பிறகு வேலைக்கே போகவில்லை, வீட்டு வளவில் சும்மா இருந்தார். ஊரில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லையாம். ஒவ்வொரு நேரமும் ஒவ்வொரு வீட்டிலிருந்து சாப்பாடு போகும், பதினொரு வருடம். ஏன் அவரை எழும்பச் சொல்லவில்லை என்று நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கேட்டேன். "எல்லாரும் எழும்ப வேணுமா?" என்று அம்மம்மா கேட்டா. அவ்வளவுதான்.

திருப்பூர்வாசி:

மட்டுநகர், இதை மாமா இருந்தபோது படித்திருக்க வேண்டும். நான் அவரிடம் "எழுந்திரு, எழுந்திரு" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மட்டுறுத்துநர்:

நிவாரணத் தொகை குறித்த அரசியல் பதிவுகள் ஏழெட்டைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே அனுபவங்கள் மட்டும்.

பேராவூரணியான்:

மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை. உப்பளத்து அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததுதான் காரணம். அதற்கு முன் ஒரு கடனைச் சொல்லிவிடுகிறேன்.

புயலுக்குப் பிறகு நான் திருச்சிக்குப் படிக்கத் திரும்பினேன். விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் வெளியே அறை எடுத்து, ஒரு சின்ன மெஸ்ஸில் கணக்கு வைத்துச் சாப்பிட்டேன். கோடு போட்ட நீளமான நோட்டு, பக்கத்துக்கு ஒரு பெயர். மாதம் முடிந்தால் கூட்டிப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும். டிசம்பர் மாதக் கணக்கைக் கொடுக்க முடியவில்லை. ஜனவரியும் அப்படியே. பிப்ரவரியில் நானே வெட்கப்பட்டு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். மூன்றாம் நாள் மெஸ் அண்ணன் அறைக்கே வந்துவிட்டார். "நோட்டில் உன் பக்கம் தீரவில்லை, வந்து சாப்பிடு" என்றார். அந்தப் பேச்சில் இரக்கம் துளிகூடத் தெரியவில்லை. ஏதோ நான் அவருடைய நோட்டுக்குக் கெடுதல் செய்துவிட்டதுபோல அதட்டினார். அதனால்தான் என்னால் போக முடிந்தது. ஏழு மாதம் சாப்பிட்டேன்.

படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, பணத்தோடு போனது 2021இல். கொரோனா ஊரடங்கில் மெஸ்ஸை மூடிவிட்டு அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று பக்கத்துக் கடையில் யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. என் பக்கம் எந்த நோட்டிலோ தீராமல் கிடக்கிறது.

திருப்பூர்வாசி சொன்னதை நான் மறுக்கவில்லை. எங்களை எழுப்பியது துன்பம் என்று நானும் நினைக்கவில்லை. பத்து நாளில் வந்தவர்கள் ஆயிரம் பேர், மூன்றாம் மாதம் வந்தவர் ஒருவர். அந்த ஒருவர் எனக்கு அமைந்தார், உங்கள் மாமாவுக்கு அமையவில்லை. இதில் என் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

கம்பத்துக்காரர் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவுக்குக் கம்பம் நட வந்தவர்களுக்கும் நாங்கள்தான் சமைத்தோம். அத்தனை நாளும் திண்ணையை விட்டு இறங்காத அப்பா அன்றுதான் இறங்கி, விழுந்த மரங்களிலிருந்து இளநீர் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கு எங்களிடம் கொடுக்க இருந்தது அதுதான்.

கணக்கன்:

ஒரு சந்தேகம். அந்தப் பெருங்காயத்தை நீங்கள் யாருக்காவது திருப்பிக் கொடுத்தீர்களா?

பேராவூரணியான்:

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்ததல்லவா, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் போனது. அம்மா பை கட்டினார். நான் வேண்டுமென்றே அலமாரியிலிருந்து பாதி தீர்ந்த டப்பாவை எடுத்து நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. கடைக்கு அனுப்பிப் புது டப்பா வாங்கிவரச் சொன்னார். "நீதானே அன்றைக்கு அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டேன். "நான் அப்படி எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாமா? உன் அப்பா முகம் எப்படிப் போயிற்று, பார்த்தாய்தானே" என்றார்.

கணக்கன்:

தோற்றேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

உப்பளத்து மகள்:

எல்லாம் சரி, என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பேராவூரணியான்:

அக்கா, நேற்று அப்பாவிடம் கேட்டேன். ஆறு ஆண்டில் இதை நான் கேட்டது இதுவே முதல் தடவை.

எங்கள் தோப்பில் இருபது ஆண்டுக்கு மேல் ஏறியவர் ஒருவரே. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவரிடம் அனுமதி கேட்கவில்லை. சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து குரும்பை பொறுக்கப் போயிருக்கிறேன். புயலுக்குப் பத்து நாள் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றாராம். அப்பா திண்ணையில் இருந்திருக்கிறார். இருவரும் பேசவில்லையாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே இருந்தேனா, வெளியே போயிருந்தேனா, நினைவில்லை. அது நினைவில் இல்லை என்பதே இப்போது உறுத்துகிறது. நான் மரங்களை எண்ணினேன், அவரை எண்ணவில்லை.

இப்போது காங்கேயத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். தேங்காய் உடைத்துக் காயப்போடும் வேலை. அப்பாவிடம் அவருடைய எண் இருந்தது. இத்தனை நாள் வைத்துக்கொண்டு அப்பாவும் பேசியதில்லை. நான் கூப்பிட்டேன். என் குரல் அடையாளம் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னதும் "சின்னத் தம்பியா?" என்றார்.

என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன், எதுவும் வரவில்லை. அவரே பேசினார். இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டதாம். வலது முழங்கால் இப்போது மடங்காதாம், "ஏறச் சொன்னாலும் இனி ஏற முடியாது தம்பி" என்று சிரித்தார். பிறகு, "பதினாலு மரம் நின்றதே, அதில் அந்தக் கிணற்றடி மரம் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "காய் எப்படி?" என்றார். குறைந்துவிட்டது, மட்டையெல்லாம் கத்தரித்ததுபோல இருக்கிறது என்றேன்.

"முக்கோணமாக வெட்டினதுபோலவா?"

ஆமாம் என்றேன்.

"வண்டு. காண்டாமிருக வண்டு. விழுந்த மரத்தையெல்லாம் வெட்டி அப்புறப்படுத்தினீர்களா, அங்கேயே மக்க விட்டீர்களா?"

கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் மக்கவிட்டது உண்மை. பொக்லைனுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அதைச் சொன்னேன். அதில்தான் புழு வளர்ந்து வருகிறது, முதலில் அதைத் தோண்டி எரித்துவிடுங்கள் என்றார். ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் ஊற்றித் தோப்பில் புதைத்து வைத்தால் வண்டு வந்து விழும், வாரம் ஒரு முறை அள்ளிப் போடுங்கள் என்றார். புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளை நாளைக்கே பாருங்கள், குருத்தின் அடியில் துளையும் சக்கையும் இருக்கும் என்றார்.

காலையில் அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். பதினேழு பிள்ளையில் துளை இருந்தது. பானை நாலு வாங்கியாகிவிட்டது. அப்பா இப்போது அவரோடுதான் போனில் பேசிக்கொண்டிருக்கிறார், அரை மணி நேரமாக. புண்ணாக்கு எவ்வளவு போடுவது என்று கேட்கத்தான் கூப்பிட்டார்.